பருவம் தப்பிய தேர்தல்

சட்டப்பேரவைக்கோ நாடாளுமன்றத்துக்கோ உரிய ஐந்தாண்டுக் காலம் நிறைவதற்கு முன்பே மக்கள் மறுபடியும் வாக்குச்சாவடிக்கு அழைக்கப்படும்போது, அந்த அழைப்பை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது, வென்றவர் யார் என்ற செய்திக்குப் பின்னால் எளிதில் மறைந்துபோகும் கேள்வியாகும். 2019-ஆம் ஆண்டின் குளிர்காலம் இந்தக் கேள்விக்கு ஒரு வார இடைவெளியில் இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தந்தது. டிசம்பர் 5 அன்று மைசூரு மாவட்டத்தின் ஹுணசூர் உட்படக் கர்நாடகத்தின் 15 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடைபெற்றது. டிசம்பர் 12 அன்று பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடைபெற்றது. முன்னது சில தொகுதிகளில் ஏற்பட்ட காலியிடங்களை நிரப்பியது, பின்னது நாடாளுமன்றத்தின் கீழவை முழுவதையும் புதிதாகத் தேர்ந்தெடுத்தது என்றாலும், இரண்டுமே மக்கள் கேட்டு வந்தவை அல்ல என்பதிலும், அவையில் தீராத சிக்கலைத் தலைவர்கள் மக்களிடம் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதிலும் அவை ஒத்திருந்தன.

பிரிட்டனின் சிக்கலுக்குப் பெயர் பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து அந்நாடு விலகுவது. 2016 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் விலகலுக்கு ஆதரவளித்தனர். ஆனால் எந்த நிபந்தனைகளோடு விலகுவது என்பதில் நாடாளுமன்றத்தால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. 2015, 2017, 2019 என ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று பொதுத்தேர்தல்களும், அவற்றுக்கிடையே பொதுவாக்கெடுப்பும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் அந்நாட்டு வாக்காளர்மேல் வந்து விழுந்தன. 1923-க்குப் பின் டிசம்பர் மாதத்தில் அங்கு பொதுத்தேர்தல் நடந்ததே இல்லை. பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் பருவத்தில், கிறிஸ்துமஸ் நாடகங்களுக்கென ஒதுக்கியிருந்த பள்ளி மண்டபங்கள் சில வாக்குச்சாவடிகளாக மாறியபோது, ‘மறுபடியுமா?’ என்ற சலிப்பு பரவலாகவே எழுந்தது. எனினும் வாக்குப்பதிவு 67.3 விழுக்காட்டை எட்டியது. சலிப்புக்கும் புறக்கணிப்புக்கும் இடையிலுள்ள தொலைவை இந்த எண் காட்டுகிறது.

கர்நாடகத்தின் சிக்கல் வேறு வகையானது. 2018 மே மாதத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காததால், காங்கிரசும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் சேர்ந்து எச்.டி. குமாரசாமி தலைமையில் கூட்டணி ஆட்சி அமைத்தன. 2019 ஜூலையில் அக்கூட்டணியின் உறுப்பினர்கள் அடுத்தடுத்துப் பதவி விலகல் கடிதம் கொடுக்க, ஜூலை 23 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 99-க்கு 105 என்ற கணக்கில் அரசு கவிழ்ந்து, பாரதிய ஜனதா கட்சியின் பி.எஸ். எடியூரப்பா முதலமைச்சரானார். எதிர்க்கட்சி உறுப்பினரைப் பதவி விலகச் செய்து, பின் தன் சின்னத்திலேயே நிறுத்தி வெல்லவைக்கும் இந்த உத்திக்கு 2008 முதலே கர்நாடகத்தில் ‘ஆபரேஷன் கமலா’ என்ற பெயர் வழங்கிவருகிறது. கமலம், அதாவது தாமரை, அக்கட்சியின் சின்னம்.

பேரவைத் தலைவர் கே.ஆர். ரமேஷ் குமார் 17 உறுப்பினர்களைத் தகுதி நீக்கம் செய்தார். இதற்கு அடிப்படையாக அமைந்தது கட்சித் தாவல் தடைச் சட்டம். 1985-இல் அரசியலமைப்பின் 52-ஆவது திருத்தத்தால் பத்தாவது அட்டவணையாகச் சேர்க்கப்பட்ட இச்சட்டத்தின்படி, ஒரு கட்சியின் சார்பில் வென்றவர் அக்கட்சியைத் தாமாக விட்டு விலகினால் உறுப்பினர் பதவியை இழப்பார். 2023-இல் பேரவைக் காலம் முடியும்வரை அவர்கள் போட்டியிடவும் கூடாது என்று பேரவைத் தலைவர் ஆணையிட்டிருந்தார். அக்டோபரில் நடக்கவிருந்த இடைத்தேர்தல், அவர்கள் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கினால் தள்ளிப்போயிற்று. நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தகுதி நீக்கம் செல்லும் என்றும், போட்டியிடத் தடை விதித்தது செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. அப்போது வேட்புமனு செய்ய ஐந்து நாள்களே எஞ்சியிருந்தன. இரண்டு தொகுதிகள் வேறு வழக்குகளால் நிறுத்திவைக்கப்பட, மீதமிருந்த 15 தொகுதிகளின் மக்கள், பதவி இழந்தவரை மீண்டும் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

மைசூரு நகரிலிருந்து மடிக்கேரி செல்லும் சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், லட்சுமண தீர்த்த ஆற்றங்கரையில் அமைந்த ஹுணசூர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினரின் அரசியல் எழுச்சிக்கு வழிவகுத்த முதலமைச்சர் தேவராஜ அரசின் தொகுதி என்ற பெருமை உடையது. சுற்றுப்புற ஊர்களின் வருவாயில் பெரும்பகுதி புகையிலையிலிருந்து வருகிறது. மழைக்காலத்தில் பயிரிட்டு, கூடங்களில் சூடேற்றிப் பதப்படுத்திய இலை, புகையிலை வாரியத்தின் ஏலக்களத்துக்கு வரும் பருவத்தில் டிசம்பரும் அடங்கும். கேழ்வரகு அறுவடையும் அதே காலத்தை ஒட்டியே முடிகிறது. லண்டன் வாக்காளருக்குக் குளிரும் இருட்டும் எப்படியோ, அப்படியே ஹுணசூர் உழவருக்குக் களத்து வேலையும் ஏல விலையும். அந்தப் பரபரப்புக்கு நடுவில்தான் பிரசார வண்டிகள் ஊருக்குள் நுழைந்தன.

தேர்தல்கள் எவ்வளவு நெருக்கமாக வந்தன என்பதற்கு வாக்காளரின் விரலே சான்று. இந்தியத் தேர்தல்களில் விரலில் வைக்கும் அழியா மை, மைசூரு பன்னிமண்டபத்திலுள்ள ‘மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ்’ என்ற அரசு நிறுவனத்தில் தயாராகிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-இல், அரக்குத் தொழிற்சாலையாகத் தொடங்கிய அந்நிறுவனம் 1962 பொதுத்தேர்தல் முதல் இந்த மையை வழங்கிவருகிறது. மையிலுள்ள வெள்ளி நைட்ரேட் தோலோடு வினைபுரிந்து, வெளிச்சம் பட்டதும் கருக்கிறது. தோலில் பட்டது சில நாள்களில் உதிர்ந்துவிடும், நகத்தில் பட்டதோ நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை நிற்கும். ஒரு தேர்தலின் கறை மறையுமுன் அடுத்தது வந்துவிட்டால் வேறு விரலில் மை வைக்கும்படி தேர்தல் ஆணையம் கட்டளையிடுவதும் உண்டு. ஹுணசூர் வாக்காளர் 2018 மே 12 அன்று சட்டப்பேரவைக்கும், 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைக்கும், அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று இடைத்தேர்தலுக்கும் என 19 மாதங்களுக்குள் மூன்று முறை இந்த மைக்கு விரலை நீட்டினார். மை வைக்கும் வழக்கமில்லாத பிரிட்டனில் அடுத்த வாரம் வாக்காளர்கள், கயிற்றில் கட்டிய பென்சிலால் தாளில் பெருக்கல் குறி இட்டுத் திரும்பினார்கள்.

ஹுணசூரில் பாரதிய ஜனதா கட்சியின் வேட்பாளரான ஏ.எச். விஸ்வநாத், முன்பு காங்கிரசின் அமைச்சராகவும் மைசூரு மக்களவை உறுப்பினராகவும் இருந்தவர். 2017-இல் ஜனதா தளத்தில் சேர்ந்து, 2018-இல் காங்கிரசின் எச்.பி. மஞ்சுநாத்தை 8,575 வாக்குகளில் வென்று, அக்கட்சியின் மாநிலத் தலைவராகவும் ஆனவர். அவருடைய கட்சி மக்கள்முன் வைத்த கேள்வி நிலையான ஆட்சி வேண்டுமா என்பது. ஏனெனில் பெரும்பான்மையை எட்டுவதற்கு அக்கட்சிக்குக் குறைந்தது ஆறு இடங்கள் தேவைப்பட்டன. ஹுணசூரைத் தலைநகராகக் கொண்டு தேவராஜ அரசு பெயரில் தனி மாவட்டம் அமைய வேண்டும் என்ற பேச்சும் அவர் தரப்பிலிருந்து எழுந்தது. எதிர்த்தரப்போ ஒற்றைச் சொல்லைக் கையிலெடுத்தது. தகுதியற்றவர் எனப் பொருள்படும் ‘அனர்ஹரு’ என்ற அந்தக் கன்னடச் சொல், நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து இறங்கி மேடைக்கும் தேநீர்க் கடைக்கும் வந்து சேர்ந்தது.

டிசம்பர் 9 அன்று வாக்குகள் எண்ணப்பட்டபோது மஞ்சுநாத் 92,725 வாக்குகளும், விஸ்வநாத் 52,998 வாக்குகளும் பெற்றிருந்தனர். வேறுபாடு 39,727. ஒன்றரை ஆண்டுக்கு முன் விஸ்வநாத் பெற்ற வாக்குகள் 91,667 என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், அவ்வாக்குகளில் பெரும்பகுதி அவரோடு புதிய கட்சிக்குப் போகவில்லை என்பது தெளிவாகும். அவர் விட்டுவந்த ஜனதா தளத்தின் வேட்பாளருக்கும் 32,895 வாக்குகளே கிடைத்ததால், அவை பழைய கட்சியிடம் முழுமையாகத் தங்கிவிடவும் இல்லை. 2008-லும் 2013-லும் தங்கள் உறுப்பினராயிருந்து பழகிய மஞ்சுநாத்தையே ஹுணசூர் மக்கள் மீண்டும் தேடிப்போனார்கள். வாக்குப்பதிவு சுமார் 80 விழுக்காடு. வேலைப் பருவத்தில் வந்த தேர்தல் என்று அவர்கள் ஒதுங்கிவிடவில்லை.

இந்த ஒரு முடிவைக் கொண்டு, கட்சி மாறுவோரை மக்கள் எப்போதும் தண்டிப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. அன்று 15 தொகுதிகளில் 12 பாரதிய ஜனதா கட்சிக்கே சென்றன. அக்கட்சி நிறுத்திய தகுதியிழந்த உறுப்பினர் 13 பேரில் 11 பேர் வென்றனர். பக்கத்து மாவட்டமான மண்டியாவின் கிருஷ்ணராஜபேட்டையில் கே.சி. நாராயண கௌடா வென்று, அம்மாவட்டத்தில் அக்கட்சிக்கு முதல் சட்டப்பேரவை வெற்றியைத் தேடித்தந்தார். ஆளுங்கட்சியில் இருப்பவரால் தொகுதிக்கு ஆகவேண்டியது ஆகும் என்ற கணக்கும் வாக்காளருடைய கணக்குதான். பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டையில் பாரதிய ஜனதா கட்சியின் எம்.டி.பி. நாகராஜ் தோற்றதும் ஆளும் தரப்பின் மேலுள்ள சினத்தால் மட்டும் நேர்ந்தது அன்று. அவரை வென்ற சரத் பச்சேகௌடா, அதே கட்சியிலிருந்து பிரிந்து சுயேச்சையாக நின்றவர்.

மைசூரு வட்டாரத்துக்கு இத்தகைய தேர்தல் புதிதும் அன்று. ஜனதா தளத்திலிருந்து நீக்கப்பட்டுக் காங்கிரசில் சேர்ந்த சித்தராமையா, தம் பதவியைத் துறந்து, 2006 டிசம்பரில் சாமுண்டேஸ்வரி தொகுதி இடைத்தேர்தலில் நின்றபோது, 257 வாக்குகளில்தான் கரையேறினார். கட்சி மாறியவர்களில் ஒருவரை நூலிழையில் ஏற்றுக்கொண்டதும், மற்றொருவரைப் பெரும் வேறுபாட்டில் மறுத்ததும் ஒரே மாவட்டத்து வாக்காளர்களே. இன்னும் பின்னோக்கினால், 1984 டிசம்பர் மக்களவைத் தேர்தலில் கர்நாடகத்தின் 28 இடங்களில் 24 காங்கிரசுக்குப் போயின; மைசூருவில் வென்றவர் அரச குடும்பத்து ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார். தம் ஜனதா கட்சிக்கு நான்கு இடங்களே கிடைத்ததை மக்களின் மறுப்பாகக் கருதிய முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகி, முன்கூட்டியே தேர்தலைச் சந்தித்தார். 1985 மார்ச்சில் அதே மக்கள் அவருடைய கட்சிக்கு 224-இல் 139 இடங்களை அளித்தனர். தில்லிக்கு ஒருவர், பெங்களூருவுக்கு வேறொருவர் என்று அவர்கள் முன்பே பிரித்துவைத்திருந்ததைத் தலைவர்தாம் ஒன்றாக எண்ணியிருந்தார்.

இந்நிகழ்ச்சிகள் அனைத்திலும் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. பருவம் தப்பிய தேர்தலில் கேள்வியைத் தயாரிப்பவர்கள் தலைவர்கள்; விடையளிக்கும் வாக்காளர் பெரும்பாலும் தம் கேள்வியையே எடுத்துக்கொள்கிறார். பிரிட்டனில் பிரதமர் போரிஸ் ஜான்சன் பிரெக்சிட்டை முடித்துவைக்க வாக்குக் கேட்டார். வடக்கு இங்கிலாந்தின் சுரங்க வட்டாரங்கள், தலைமுறைகளாகத் தாங்கிவந்த தொழிற்கட்சியைக் கைவிட்டு அதற்கு இசைந்ததால் அவருடைய கட்சி 365 இடங்களை வென்றது. ஸ்காட்லாந்து மக்களோ அக்கேள்விக்கே உடன்படாமல், தங்கள் நாட்டின் எதிர்காலத்தை முன்வைத்த ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு 59-இல் 48 இடங்களைக் கொடுத்தனர். 2017 டிசம்பரில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில், இரட்டை இலைச் சின்னம் ஆளும் தரப்பிடம் இருந்தும், குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்குகள் வேறுபாட்டில் வென்றதும் இவ்வகையில் வைத்து எண்ணத்தக்கது.

ஹுணசூர் மக்களின் விடை, எண்ணிக்கை முடிந்த அன்றோடு தீர்ந்துவிடவில்லை. அரசியலமைப்பின்படி, கட்சித் தாவலால் தகுதியிழந்தவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டாலொழிய, அவையின் எஞ்சிய காலத்தில் அமைச்சராக முடியாது. 2020-இல் விஸ்வநாத் சட்டமேலவைக்கு நியமனம் பெற்றார். அந்நியமனம் தேர்தலில் வென்றதற்கு ஈடாகாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் நவம்பரில் கூற, 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் ஹொசகோட்டையில் தோற்ற நாகராஜ், சட்டப்பேரவை உறுப்பினர்களின் வாக்கால் மேலவைக்குத் தேர்வானதனால், அந்த ஜனவரியிலேயே அமைச்சராகப் பதவியேற்றார். இரண்டு தொகுதி மக்கள் ஒரே நாளில் ஒரே வகையில் அளித்த மறுப்பு, ஓரிடத்தில் சட்டத்தின் துணையோடு நிலைத்தது, மற்றோரிடத்தில் மேலவை வழியே கடந்து செல்லப்பட்டது. 2023 மே மாதத்தில், உரிய காலத்தில் வந்த தேர்தலின்போது, ஹுணசூர் வாக்காளர்கள் மஞ்சுநாத்தையும் விடுத்து ஜனதா தளத்தின் ஜி.டி. ஹரீஷ் கௌடாவைத் தேர்ந்தெடுத்தனர். இடது சுட்டுவிரல் நகத்தில் மை மறுபடியும் கருத்தது.