பள்ளி புகுமுன் பாலரைப் பழக்குதல்

(சங்கக் குடும்பத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வருகிற ஜூன் மாதத்தில் நம் குடும்பங்களிலுள்ள சின்னஞ்சிறார் சிலர் முதன்முறையாகப் பள்ளிப் படி ஏறப்போகின்றனர். பெற்றோர் பலர் புத்தகப் பையும் சீருடையும் வாங்குகின்றனர். எழுத்துக்களையும் எண்களையும் ஒப்பிக்கும்படி குழந்தையை வருத்துகின்றனர். குழந்தையின் மனத்தையும் கைகளையும் ஆயத்தஞ் செய்வோர் மிகச் சிலரே. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

கிண்டர்கார்டன் என்பது ஜெர்மானியச் சொல். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். 1837-ஆம் ஆண்டில் பிராபெல் என்னும் அறிஞர் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் பாலர்க்கென ஒரு நிலையந் தொடங்கினார். 1840-இல் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். விளையாட்டின் வழியே குழந்தை கற்கும் என்பது அவர் கொள்கை. 1907-இல் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகட்கெனத் தொடங்கிய இல்லத்தில் மரியா மாண்டிசோரி அம்மையார், பொத்தானிடுதல், கை கழுவுதல் முதலிய சிறு வேலைகளையே கல்வியின் வாயிலாக்கினார். அவ்வம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. இவ்விருவரும் காட்டிய வழியை நம் இல்லங்களிலேயே கைக்கொள்ளலாம்.

முதலாவது, அச்சத்தை விதைத்தலாகாது. "குறும்பு செய்தால் டீச்சரிடம் சொல்லி அடிக்கச் சொல்லுவேன்" என்று சோறூட்டும்போதே மிரட்டுகின்றோம். இவ்வாறு பல மாதம் மிரட்டப்பட்ட குழந்தை பள்ளி வாயிலில் கதறுவது வியப்பாகுமோ? விஜயதசமியன்று குழந்தையை மடியிலிருத்தி, விரல் பிடித்து, அரிசியில் எழுதுவிப்பது நம் முன்னோர் வழக்கம். அன்பின் மடியில் தொடங்கிய கல்வியை நாம் அச்சத்தின் வாயிலில் கொண்டு நிறுத்தலாமா?

இரண்டாவது, கைப்பழக்கம். டிபன் டப்பாவின் மூடியைத் திறத்தல், தண்ணீர்ப் புட்டியைச் சிந்தாது மூடுதல், செருப்பைத் தானே மாட்டுதல், கால்சட்டையைக் கழற்றி அணிதல், கழிப்பிடம் சென்றபின் கழுவிக்கொள்ளுதல் ஆகிய இவை தெரிந்த குழந்தை தலைநிமிர்ந்து இருக்கும். பாட்டிமார் அன்பு மிகுதியால் மூன்றரை வயதுப் பேரனுக்கும் ஊட்டியே விடுகின்றனர். பள்ளியில் ஊட்டுவார் யார்? சிந்தினாலுஞ் சிந்தட்டும், தானே உண்ணப் பழகட்டும்.

மூன்றாவது, வாய்ச்சொல். தாகம், வலி, சிறுநீர் ஆகியவற்றைக் கூச்சமின்றிச் சொல்லக் குழந்தைக்குத் தெரியவேண்டும். ஆங்கிலப் பள்ளிக்குச் செல்வதாயினும் இவற்றை முதலில் தாய்மொழியிலேயே தெளிவாகச் சொல்லட்டும். வீட்டில் வழங்கும் மழலைச் சொற்களை ஆசிரியைக்கும் அறிவித்து வைத்தல் நலம்.

நான்காவது, உறக்கம். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரம் உறக்கம் வேண்டும் என்றும், கைபேசி, தொலைக்காட்சி முதலியவற்றின் முன் ஒரு மணி நேரத்திற்கு மேல் அமர்த்தலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியுள்ளது. பள்ளி திறக்குமுன் சில வாரங்களுக்கேனும் இரவில் விரைவில் உறங்கி, காலையில் உரிய வேளையில் எழும் வழக்கத்தை உண்டாக்குக.

ஐந்தாவது, பிரிவு. குழந்தை வேறெங்கோ நோக்கும்போது தாய் மறைந்து போதல் பெரும் பிழை. தாயைக் காணாது திகைத்த குழந்தை மறுநாள் அவள் முந்தானையை விடாது. "சாப்பிட்டபின் அம்மா வருவேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிச் சென்று, சொன்னபடியே வருக. அம்மா வாக்குத் தவறாள் என்னும் உறுதி உண்டாகுமாயின் அழுகை தானே அடங்கும். அண்டை வீட்டுப் பிள்ளை அழவில்லையே என்று ஒப்பிட்டுப் பேசாதீர்.

இவையனைத்தும் தாய்மார் கடமை மட்டுமென ஆடவர் எண்ணலாகாது. மாலையில் அரைமணி நேரம் குழந்தையுடன் அமர்ந்து கதை சொல்லுதல் எந்தத் தந்தைக்கும் இயலாததன்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பள்ளி திறக்கும் வரையில், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நம் சங்கக் கூடத்தில் இச்சிறாரை ஒன்றுசேர்த்து விளையாடவிடுவோம். மூத்தோர் இருவர் மேற்பார்க்க, பெற்றோர் சற்று விலகி இருக்கட்டும். செலவு சிறிதுமில்லை. பிரிந்திருக்கவும், பிறரோடு பகிரவும், தன் முறைக்குக் காத்திருக்கவும் குழந்தைகள் அங்கேயே பழகுவர். அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து ஆவன செய்வார்களாக. நம் குழந்தைகள் நகைமுகத்தோடு பள்ளி புகுவார்களாக!