காத்திருக்கும் காலமும் வாழும் காலமே
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எத்தனை நாள் பொறுப்பது என்று தெரிந்தால் பொறுக்கலாம். அது தெரியாமல் காத்திருப்பவர்களைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

பாலின மாற்றுச் சிகிச்சை நமக்குப் புதிதன்று. சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சையை 1971ஆம் ஆண்டில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் செய்தவர் இலங்கையில் பிறந்த பேராசிரியர் எஸ்.எஸ்.ரத்னம். ஆனால் இன்று இச்சிகிச்சைக்கான காத்திருப்பு பெரும் பிரச்சினையாகியிருக்கும் நாடு இங்கிலாந்து. நம் பிள்ளைகள் பலர் படிக்கவும் பணிபுரியவும் செல்லும் நாடு அது.

அங்கே பரிந்துரை கிடைத்த 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது தேசிய சுகாதாரச் சேவையின் நியதி. ஆனால் பாலின மருந்தகங்களில் முதல் சந்திப்புக்கே ஐந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தோர் உண்டு. இந்தத் தாமதத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு 2023ஆம் ஆண்டில் தள்ளுபடியானது. வரிசை குறையவில்லை.

வரிசையில் நிற்கும் 18 வயது நிறைந்தவர்கள் என்ன செய்யலாம்?

முதலாவது, இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் மருந்தகத்தைச் சேர்ந்ததா என்று எழுத்து மூலம் உறுதி செய்யுங்கள். வீடு மாறினால் உடனே புதிய முகவரியைத் தெரிவியுங்கள்.

இரண்டாவது, மருத்துவரின் அனுமதி தேவைப்படாத காரியங்களைத் தொடங்கிவிடலாம். அங்கே பெயர் மாற்றப் பத்திரம் எழுத எந்த மருத்துவச் சான்றும் வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டின் பாலின அங்கீகாரச் சட்டத்தின்படி சான்றிதழ் பெற, அப்பாலினத்தவராக இரண்டு ஆண்டு வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். எனவே புதிய பெயரில் வரும் சம்பளச் சீட்டு, வங்கிக் கடிதம், கட்டண ரசீது எதையும் வீசிவிடாதீர்கள். காத்திருக்கும் ஆண்டுகளே அங்கு கணக்கில் சேர்கின்றன. குரல் பயிற்சி, முகமுடி நீக்கம் போன்றவையும் மாதக்கணக்கில் நடப்பவை. அவற்றையும் இப்போதே தொடங்கலாம்.

மூன்றாவது, உடலைக் காத்துக்கொள்ள வேண்டும். பொறுமை இழந்து இணையத்தில் ஹார்மோன் மருந்து வாங்கி உண்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் தவிப்பு புரிகிறது, ஆபத்தும் உண்மையானது. ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தை உறையச் செய்யக்கூடும். புகைப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களை அளவுக்கு மீறிப் பெருக்கக்கூடும். ஏற்கெனவே உண்பவர் அதைக் குடும்ப மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். மார்பை இறுக்கும் உள்ளாடை அணியும் திருநம்பிகள் அதை எட்டு மணி நேரத்துக்கு மேல் அணியாதிருப்பதும், அதோடு உறங்காதிருப்பதும் நல்லது. பின்னாளில் பிள்ளை பெற விரும்புவோர், கருமுட்டை அல்லது விந்தணுவைச் சேமிப்பது பற்றி ஹார்மோன் சிகிச்சைக்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

நேயர்களே, இவற்றையெல்லாம் அவர்கள் செய்துகொள்வார்கள். ஆனால் ஒன்றை மட்டும் அவர்களால் தனியே செய்துகொள்ள இயலாது. மருத்துவர் அழைக்க ஐந்து ஆண்டு ஆகலாம். பெற்ற தாய் தன் பிள்ளையை அது விரும்பும் பெயரால் அழைக்க ஒரு நொடி போதும். அதற்கு வரிசை இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை. “முதலில் டாக்டர் சொல்லட்டும், பிறகு பார்ப்போம்” என்று வீட்டாரும் தள்ளிப்போட்டால், அந்தப் பிள்ளை இரண்டு வரிசைகளில் நிற்க வேண்டியதாகிறது. இது மனநோய் என்று இன்னும் எண்ணும் பெற்றோருக்கு ஒரு செய்தி: உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், இது மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

அங்கு படிக்கும் பிள்ளை தொலைபேசியில் குரல் தளர்ந்து பேசினால் “பொறுத்துக்கொள்” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். சாப்பிட்டாயா, உறங்கினாயா, யார் துணையிருக்கிறார்கள் என்று கேளுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் 116 123 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் அமைப்பினர் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசுவார்கள்.

வரிசையைக் குறைக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை. நம் பிள்ளை அதில் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது.