மூன்று சில்லும் ஓர் ஆசனமும்

மோட்டார் சைக்கிளைக் கைகளே செலுத்துகின்றன என்று எண்ணுகின்றோம். சற்றே உற்று நோக்குங்கள். வண்டி நிற்குந்தோறும் அது சாயாமல் தாங்குவது கால். கியரை மாற்றுவது ஒரு கால். பின் பிரேக்கை அழுத்துவது மறுகால். ஆதலின், கால் வலுவிழந்தவருக்கு அவ்வண்டி எட்டாக்கனியாகின்றது. மூன்றாவது சில்லொன்று சேருமாயின் வண்டி தானே நிற்கும். ஏனைய வேலைகளைக் கைப்பிடிக்கு மாற்றிவிடலாம்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் இங்கிலாந்திலே வாழ்ந்த பேட் கிறீவ்ஸ் என்னும் பொறிவல்லுநர். கால்கள் செயலிழந்த தம் உறவினர் டெரி பிரெஸ்டன் கொப்பின் சக்கர நாற்காலியிலே, புல்வெட்டும் பொறியொன்றின் எஞ்சினைப் பொருத்தினார் அவர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் இருவரும் சேர்ந்து எசெக்ஸ் மாவட்டத்திலே 'இன்வக்கார்' என்னும் நிறுவனத்தை நடத்தினர். கரடுமுரடான நிலத்தில் நடைபெறும் பந்தயங்களிலே பெயர்பெற்ற கிறீவ்ஸ் மோட்டார் சைக்கிள்களும் அவர்களுடைய முயற்சியால் உருவானவையே.

முன்னே ஒரு சில்லும் பின்னே இரு சில்லும் கொண்ட இன்வக்கார் வண்டிகளைப் பிரித்தானிய அரசாங்கம் அங்கவீனமுற்றோருக்கு இலவசமாய் வழங்கிற்று. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தோர் பலர் தாமே வண்டியேறித் தொழிலுக்குச் சென்றனர். பிறர் தயவை எதிர்பாராது வாசற்படி தாண்டுவது எத்துணைப் பெரும் பேறு!

ஆயினும், அவ்வண்டியில் இருந்தது ஓர் ஆசனமே. வேறொருவரை ஏற்றுதல் ஆகாதென்பது விதி. தாயானவள் தன் குழந்தையைப் பாடசாலைக்கு அதில் ஏற்றிச் செல்ல இயலாது. கணவன் வண்டியிற் செல்ல, மனைவி பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். வழியிலே வண்டி பழுதுற்றால் உதவிக்கு அருகில் ஆளில்லை. பாரங் குறைந்த வண்டியாதலின் பலத்த குறுக்குக் காற்றிலே தடுமாறிற்று என்ற குறையும் எழுந்தது. ஆதலின், 1976ஆம் ஆண்டிலே அரசாங்கம் இவ்வண்டிகளை வழங்குவதைக் கைவிட்டுப் போக்குவரத்துக்கென உதவிப்பணம் கொடுக்கும் முறையை மேற்கொண்டது. 2003ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதியோடு எஞ்சிய அரசாங்க வண்டிகளும் வீதியினின்றும் அகற்றப்பட்டன.

இவ்வரலாறு நமக்கும் பயன்படுவதாகும். 2009ஆம் ஆண்டிலே முடிவுற்ற போரினால் நம் நாட்டிலே காலிழந்தோர் பலர். பின்புறத்திலே மேலதிகச் சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டர்களிலே சிலர் இன்று நடமாடுகின்றனர். இத்தகைய வண்டியை ஆக்குவோரும் அன்பளிப்பாய் வழங்குவோரும் சிலவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். இருசக்கர வண்டி வளைவிலே சாய்ந்து திரும்பும். சில்லுகள் இறுகப் பூட்டிய மூன்று, நான்கு சில்லு வண்டி அவ்வாறு சாயாது. ஆதலின் வளைவை அடையுமுன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். பின்சில்லுகளிடையே போதிய அகலம் வேண்டும். பிரேக் முழுவதும் கைக்கெட்டுதல் வேண்டும். ஊன்றுகோலை வைக்க இடமும் வேண்டும்.

இவற்றோடு, இன்னோர் ஆசனத்தையும் மறவாதீர்கள். வண்டியை அமைக்குமுன் அதிற் செல்லவிருப்பவரை அழைத்து, "நீங்கள் எங்கே போக விரும்புகின்றீர்கள்? யாரை அழைத்துச் செல்ல விரும்புகின்றீர்கள்?" என்று கேளுங்கள். முதல் வினா அவரது உடலின் தேவையை உணர்த்தும். இரண்டாவது வினா அவரது வாழ்வை உணர்த்தும்.