நொய்யல் மீள வேண்டுமானால்...
(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் ஜில்லாக்களைக் கடந்து காவிரியில் சேருகிறது. வருஷம் முழுதும் ஓடும் ஆறல்ல; மழைக்கு வரும் ஆறு. அதனால்தான் நம் முன்னோர் சித்திரைச்சாவடி முதலிய அணைக்கட்டுகளைக் கட்டி, உக்கடம் பெரியகுளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் என்று குளம் குளமாக நீரைத் தேக்கினார்கள். அந்த மண்ணைச் சுமந்தவர்கள் யார்? நம்மைப் போன்ற உழைப்பாளிகள்தாம்.

அந்த ஆற்றுக்கு என்ன நேர்ந்தது?

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போட வேண்டும். உப்பு சாயத்தை நூலுக்குள் தள்ளிவிடும். தான் மட்டும் தண்ணீரிலேயே தங்கிவிடும். போட்ட உப்பெல்லாம் கழிவாக வெளியே வரும். திருப்பூரில் முதலில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் மற்ற ரசாயனங்களும் போட்டு நிறத்தை எடுத்தன. உப்பை எடுக்கவில்லை. தெளிந்த தண்ணீர் என்று ஆற்றில் விட்டதும் உப்புத் தண்ணீரே!

கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று ஓர் அணை எழுந்தது. 1992ல் திறந்தார்கள். சில வருஷங்களிலேயே அது சாயக் கழிவின் தொட்டியாயிற்று. கிணறுகள் கெட்டன. தென்னை காய்ந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே மன்றாடும் விபரீதம் வந்தது. நடவும் களையெடுப்பும் இல்லாத நிலத்தில் விவசாயத் தொழிலாளிக்குக் கூலி ஏது?

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 காசிலிருந்து 10 காசு வரை அபராதம் விதித்து, கழிவே வெளியேறாத ஏற்பாட்டுக்குக் கெடுவும் வைத்தது. கெடு கடந்தது. 2009ல் சுப்ரீம் கோர்ட்டும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

அப்போது தெருவில் நின்றவர் யார்? பட்டறைத் தொழிலாளி! ஆற்றைக் கெடுத்த லாபத்தில் அவனுக்குப் பங்கில்லை; தண்டனையில் மட்டும் பங்கு. "விவசாயி உன் வேலையைப் பறித்தான்" என்று இவனிடமும், "தொழிலாளி உன் கிணற்றைக் கெடுத்தான்" என்று அவனிடமும் சொன்னவர்கள் உண்டு. இந்தப் பேச்சை நாம் நம்பலாமா?

கணக்கைப் பாருங்கள். ஏற்றுமதி முதலாளி விலையை அடித்துப் பேசுகிறான். அவனுக்கு மேலே அன்னிய நாட்டுக் கம்பெனி இன்னும் அடித்துப் பேசுகிறது. பனியன் விலையில் சுத்திகரிப்புச் செலவு சேரவில்லை. அந்தச் செலவை கீழ்நொய்யல் விவசாயி தன் நிலத்தால் கட்டினான்; பட்டறைத் தொழிலாளி தன் வேலையால் கட்டினான்.

வழியே இல்லையா? இருக்கிறது. சவ்வு வழியாகக் கழிவைத் தள்ளி நல்ல நீரைப் பிரிக்கலாம். எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி வற்றவைக்கலாம். அந்த நீர் மறுபடி பட்டறைக்கே போகும். உப்பின் ஒரு பகுதியும் மறுபடி சாயத்துக்கு உதவும். மூடலுக்குப் பிறகு, 2011ல் சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நிலையங்கள் இப்படி மாறின; பட்டறைகள் திறந்தன. முன்பே செய்திருந்தால் இத்தனை குடும்பங்கள் தவித்திருக்குமா?

ஆனால் பட்டறையைத் திருத்தினால் மட்டும் ஆறு மீளாது. கோவை, திருப்பூர் நகரங்களின் சாக்கடை ஆற்றில் விழுகிறது. குளங்களுக்கு மழைநீர் கொண்டுவரும் வாய்க்கால்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. நிலத்தடியில் இறங்கிய உப்பைக் கழுவிக் கரைக்க நல்ல மழைநீர் இறங்க வேண்டும். மேலே குளம் நிறையாவிட்டால், மழைநீரும் சாக்கடையோடு கலந்து ஓடிவிடும். ஆகவே மலையடிவாரத்திலிருந்து காவிரி வரை ஒரே கணக்காகப் பார்க்க வேண்டும்.

நாம் கேட்பவை இவை: சாக்கடை முழுதையும் சுத்தம் செய்த பிறகே ஆற்றில் விடவேண்டும். வாய்க்கால்களை அளந்து மீட்டுத் தூர்வார வேண்டும். மிஞ்சிய உப்பு மூட்டைகளை மழை படாமல் காத்து அப்புறப்படுத்த வேண்டும். பட்டறை மூடும் நாளில் தொழிலாளிக்குக் கூலி உத்தரவாதம் வேண்டும்.

கோரிக்கையோடு நின்றால் போதாது. தண்ணீரில் முக்கினால் உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி கடையில் கிடைக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. கழிவுநீருக்கு வரம்பு 2100. ஊருக்கு ஒரு கருவி, ஒரு நோட்டு. மழைக்கு முன்னும் பின்னும் கிணற்றையும் ஆற்றையும் அளந்து எழுதுவோம். இரவில் கள்ளத்தனமாகக் கழிவு விடும் பட்டறை எது என்பது அங்கே வேலை செய்பவனுக்குத் தெரியும். அது எந்தக் கிணற்றில் சேர்ந்தது என்பது வயலில் நிற்பவனுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து பேசினால் எந்த அதிகாரியும் மூடி மறைக்க முடியாது.

தோழர்களே! நகரத்துத் தொழிலாளியும் கிராமத்துத் தொழிலாளியும் ஒரே ஆற்றின் கரையில் நிற்கிறோம். ஒன்றுபட்டு நிற்போம்; நொய்யலை மீட்போம்!