வழிவிடுகிறவர் தோற்பதில்லை

(வானொலி மறையுரை. இறைவார்த்தை: தொடக்கநூல் 13:1-12)



டிசம்பர் 10ஆம் நாள் லொரேட்டோ அன்னையின் நினைவு நாள். 1920ஆம் ஆண்டு திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் இந்த அன்னையை விமானிகளுக்குப் பாதுகாவலியாக அறிவித்தார். சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ பிள்ளையை அனுப்பாத தெரு நம் திருமயம் பகுதியில் குறைவு. திருச்சியில் விமானம் ஏறிய பிள்ளை போய் இறங்கிப் பேசும்வரை தாய்க்குத் தூக்கம் ஏது? அந்தத் தாய்மாரோடு சேர்ந்து நாமும் மன்றாடுவோம். அதோடு, வானத்தில் நேர இருந்த ஓர் ஆபத்தைப் பற்றியும் இன்று சிந்திப்போம்.

2018ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள். கோயம்புத்தூரிலிருந்து ஐதராபாத்துக்கு ஓர் இண்டிகோ விமானம் பறந்துகொண்டிருந்தது. பெங்களூருவிலிருந்து கொச்சிக்கு அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம். இரண்டிலும் சேர்த்து 328 பயணிகள். பெங்களூரு வான்பகுதியில், 27,000 அடிக்கு மேலே, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. உயரத்தில் இருந்த வேறுபாடு வெறும் 200 அடி. விமானத்துக்குள் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவி எச்சரித்தது, விமானிகள் கீழ்ப்படிந்தார்கள், எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

வானம் இவ்வளவு அகலமாயிற்றே, எப்படி மோத வரும் என்று கேட்கத் தோன்றும். வானம் அகலம்தான்; வழிகள் குறுகல். எல்லாரும் அதே நகரங்களுக்கு, அதே பாதைகளில் போகிறார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தானே? பத்து ஏக்கர் நிலம் கிடக்கும். சண்டை ஒரு முழ வரப்புக்காக வரும்.

ஆபிராமும் லோத்தும் அந்த நிலைக்குத்தான் வந்தார்கள். இருவருக்கும் ஆடுமாடுகள் பெருகின, மேய்ச்சல் நிலம் போதவில்லை, மேய்ப்பர்கள் சண்டையிட்டுக்கொண்டார்கள். ஆபிராம் மூத்தவர், சிற்றப்பா முறை. முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையது. ஆனால் அவர் லோத்தைக் கூப்பிட்டுப் பேசினார். நமக்குள் பூசல் வேண்டாம். நீ இடப்பக்கம் போனால் நான் வலப்பக்கம் போகிறேன் என்றார். வழிவிட்டதால் ஆபிராம் சிறுத்துப் போனாரா? இல்லை. லோத்து பிரிந்து சென்ற பிறகுதான் ஆண்டவர் அவருக்கு நான்கு திசையையும் காட்டினார்.

அந்தக் கருவி செய்வதும் இதைத்தான். இரண்டு விமானங்களின் கருவிகளும் முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. பிறகு ஒரு விமானியிடம் "ஏறு" என்கிறது ஒன்று. மற்றவரிடம் "இறங்கு" என்கிறது இன்னொன்று. யார் பெரியவர், யார் முதலில் வந்தவர் என்ற கேள்வியே அங்கே இல்லை. கீழ்ப்படியக் கிடைப்பது சில விநாடிகள்தான்.

கீழ்ப்படியாவிட்டால்? 2002ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் நெருங்கின. ஒன்றில் பள்ளிப் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அந்த விமானத்தின் கருவி "ஏறு" என்றது. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் "இறங்கு" என்றார். அவர்கள் இறங்கினார்கள். அடுத்த விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கியது. 71 பேர் மாண்டார்கள். தரையிலிருந்து வந்த குரல் கெட்ட எண்ணத்தோடு வந்ததல்ல, காப்பாற்றத்தான் சொன்னது. ஆனால் அது, நெருங்கி நின்ற இருவரும் கலந்து எடுத்த முடிவு அல்ல.

சகோதர சகோதரிகளே, நம் குடும்பச் சண்டைகளில் எத்தனை குரல்கள்! மச்சான் ஒன்று சொல்கிறார், பங்காளி ஒன்று சொல்கிறார், டீக்கடையில் ஒருவர் ஒன்று சொல்கிறார். எல்லாம் நம் நன்மைக்குத்தான் என்கிறார்கள். இதற்கிடையே உள்ளே ஒரு குரல், "போய்ப் பேசு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. மனச்சான்று என்பது மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் உள் அறை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பிக்கிறது. அந்த அறையில் ஒலிக்கும் எச்சரிக்கையை அணைத்துவிட்டுப் பறக்கிறவர்கள் எத்தனை பேர்! தாயின் அடக்கத்துக்கு வந்தும், குழியின் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக முகம் பாராமல் நின்ற அண்ணன் தம்பிகளை நம் பங்குகளில் பார்த்திருக்கிறோம். இருவரில் யாராவது ஒருவர் ஒரு மாதம் முன்பு வாசற்படி ஏறியிருந்தால், அந்தத் தாய் நிம்மதியாகக் கண்மூடியிருப்பார்.

வழிவிடுவது என்றால் அநீதிக்குத் தலைகுனிவது அல்ல. அடிபடும் மனைவியிடம் "பொறுத்துப் போ" என்று சொல்வது நற்செய்தி ஆகாது. அங்கே விலகி நிற்பதுதான் உயிரைக் காக்கும். ஆபிராமும் விலகித்தான் சமாதானத்தைக் காத்தார். பிறகு லோத்து சிறைபிடிக்கப்பட்டபோது, மீட்க ஓடியவரும் அவரே. விலகினார், வெறுக்கவில்லை.

இதற்குச் சாட்சியாக நம் ஊர்க் கல்லே இருக்கிறது. திருமயம் மலையடிவாரத்தில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அருகருகே நிற்கின்றன. இரண்டு தரப்புக்கும் இடையே இருந்த நெடுநாள் வழக்கை, 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் பேசித் தீர்த்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. சண்டையை அல்ல, உடன்பாட்டையே நம் முன்னோர் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அரியானாவின் சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகே நம் நாட்டு வானில் அந்தக் கருவி கட்டாயமாயிற்று. 2018இல் 328 பேரைக் காத்தது அந்த 349 பேரின் சாவு தந்த பாடம். நம் வீட்டிலும் ஒரு சாவு விழுந்த பிறகுதான் பாடம் படிக்க வேண்டுமா? எதிராளியோடு வழியில் இருக்கும்போதே உடன்பட்டுவிடச் சொல்கிறார் ஆண்டவர் இயேசு (மத்தேயு 5:25). வழியில் இருக்கும்போதே! விநாடிகள் இன்னும் மீதி இருக்கின்றன.

இந்த வாரம் ஒருவர் வீட்டுக்குப் போவோம், அல்லது ஒருவருக்குத் தொலைபேசியில் பேசுவோம். யார் என்று நமக்கே தெரியும்.

லொரேட்டோ அன்னையே, வானில் பறக்கும் எம் பிள்ளைகளைக் காத்தருளும். மண்ணில் மோத நிற்கும் எம் உள்ளங்களையும் காத்தருளும். ஆமென்.