உங்கள் மணிக்கணக்கை யார் எழுதுகிறார்கள்?



இந்தப் பட்டமளிப்பு விழா மேடைக்கு வருகிறவர்கள் 'கடுமையாக உழையுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நான் அதைச் சொல்லப்போவதில்லை. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை பல கம்பெனிகளில் ஷிஃப்ட் இன்ஜினியராகவும் பிறகு ஆலை மேலாளராகவும் இருந்தவன் நான். உழைக்காதவர்களை இந்தப் பக்கம் அதிகம் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் உழைக்கிறோம் என்று கணக்கு வைக்காதவர்களை நிறையப் பார்த்தேன். அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலப் பட்டம் வாங்கியவர்கள்.

லைனில் நிற்கும் தொழிலாளிக்கு அந்தக் கணக்கு தெரியும். 1923 மே தினத்தில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றியதிலிருந்து நூறாண்டுப் பழக்கம் அது. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் அரசு அதை நிறுத்திவைத்தது. மே 1 அன்று திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், இங்கே பக்கத்தில் சுங்குவார்சத்திரத்தில், சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம், சங்க அங்கீகாரம் ஆகியவற்றோடு வேலைநேரமும் அவர்கள் கோரிக்கையில் இருந்தது.

உங்கள் நிலைமை வேறு. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்றது. அதே சட்டத்தின் 64ஆம் பிரிவு, மேற்பார்வைப் பொறுப்பிலும் நிர்வாகப் பொறுப்பிலும் இருப்பவர்களை அந்த வரம்புக்கு வெளியே வைக்க மாநில அரசுக்கு இடம் கொடுத்தது. 'எக்ஸிக்யூட்டிவ்' என்று உங்கள் அடையாள அட்டையில் அச்சடிப்பது மரியாதைக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நடைமுறையில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஏ ஷிஃப்ட் முடிகிறது. தொழிலாளி கார்டைத் தேய்த்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுகிறார். டிரெய்னி இன்ஜினியரும் கார்டைத் தேய்க்கிறான். தேய்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போகிறான். காலையில் லைன் நின்றதற்குக் காரணம் எழுத வேண்டும், ஸ்லைடு போட வேண்டும், வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வரும் போனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவன் வெளியே வரும்போது பி ஷிஃப்ட்காரர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். பஸ் கிடையாது; மெயின் ரோடு வரை நடந்து ஷேர் ஆட்டோ பிடிப்பான். வருகைப் பதிவேட்டின்படி அன்று அவன் எட்டு மணி நேரம்தான் வேலை பார்த்தான்.

மேலாண்மை படித்தவர்களில் சிலர் சென்னையில் மக்கள் தொடர்பு ஏஜென்சிகளுக்குப் போகிறீர்கள். இந்த வட்டாரத்தில் ஒரு புது கார் வெளிவந்தாலும், ஒரு வேலைநிறுத்தம் நடந்தாலும், நிருபருக்கு இரவு பத்து மணிக்கு அறிக்கை தயார்செய்து அனுப்புவது நீங்களாகத்தான் இருக்கும். அங்கே மணிக்கணக்கு எழுதுவார்கள். வாடிக்கையாளருக்கு பில் போட எழுதுவார்களே தவிர, உங்களை வீட்டுக்கு அனுப்புவதற்காக அல்ல.

கணக்கில்லாத வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். ஜப்பானின் டென்ட்சு விளம்பர நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த 24 வயதுப் பெண் ஒருவர் 2015 டிசம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அளவுமீறிய வேலையே காரணம் என்று அந்நாட்டுத் தொழிலாளர் அலுவலகம் அடுத்த ஆண்டு முடிவு சொன்னது. சட்டத்துக்குப் புறம்பாகக் கூடுதல் நேரம் வேலை வாங்கியதற்காக நீதிமன்றம் 2017இல் நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 5 லட்சம் யென். நம் பணத்தில் சில லட்ச ரூபாய், அவ்வளவுதான்.

வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டுச் சொல்லியிருக்கின்றன. 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டுச் சொன்னது அது. வாரம் 70 மணி, 90 மணி என்று பெரிய முதலாளிகள் பேசும்போது இந்த எண்ணையும் நினைவில் வையுங்கள். அவர்களுக்கு டிரைவர் இருக்கிறார், சமையல்காரர் இருக்கிறார். செய்யாற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் உங்களுக்கு இல்லை.

ஒரு வேண்டுகோள். சில ஆண்டுகளில் ஷிஃப்ட் பட்டியலில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு நீங்களே வருவீர்கள். கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே வரும் பையனை அப்போது 'நல்ல பையன்' என்று பாராட்டாதீர்கள், வீட்டுக்கு அனுப்புங்கள். அதற்கு முன்னால், கையில் இருக்கும் வேலை உத்தரவை இன்றிரவு எடுத்துப் படியுங்கள். வேலைநேரம் பற்றி அதில் ஒரு வரி இல்லையென்றால், சேருவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.