கருகிய பெஞ்சும் பூட்டிய அச்சகமும்

இன்று நூலகவியல் பட்டம் பெறும் தம்பி தங்கைகளே!

திருவனந்தபுரத்தில் நூலகத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. பாளையத்து மாநில மத்திய நூலகம் 1829-இல், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் தொடங்கியது. நாட்டின் முதல் பொது நூலகம் என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். அது தொடங்கி எண்பது ஆண்டு கழித்து நடந்ததையும் நீங்கள் கேட்க வேண்டும்.

1910. திருவனந்தபுரத்துக்கு அருகே ஊரூட்டம்பலம் பள்ளிக்கு, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புலையர் வீட்டுச் சிறுமி பஞ்சமியை, அந்த மக்களின் தலைவர் அய்யன்காளி அழைத்துப் போனார். புலையர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள அரசாணை இருந்தது. எதிர்த்தவர்கள் பள்ளியையே கொளுத்தினார்கள். அந்தத் தீயில் கருகிய பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளியில் இன்றும் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 26-இல் 'சுதேசாபிமானி' பத்திரிகையின் அச்சகத்தைப் போலீஸ் கைப்பற்றியது. திருவிதாங்கூர் திவானைக் கண்டித்து எழுதிவந்த ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தி, நம் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அச்சக உரிமையாளர் வக்கம் மௌலவி உயிரோடு இருந்தவரை இயந்திரம் திரும்பி வரவில்லை.

இந்தக் கதையில் ஒரு முள் உண்டு. புலையர் பிள்ளைகளை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பதை எதிர்த்துத் தலையங்கம் எழுதியவரும் இதே ராமகிருஷ்ண பிள்ளைதான். குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதா என்று கேட்டார். எழுத்துரிமைக்காக நாட்டையே இழந்தவருக்கு, ஒரு சிறுமிக்குப் பெஞ்சில் இடம் தர மனம் வரவில்லை.

உங்கள் வேலை இங்கேதான் தொடங்குகிறது. 1912-இல் அவர் மலையாளத்தில் எழுதிய கார்ல் மார்க்ஸ் வாழ்க்கை வரலாறும் அலமாரியில் இருக்க வேண்டும், அந்தத் தலையங்கமும் இருக்க வேண்டும். பஞ்சமியின் வழிவந்தவர்கள் வந்து, இரண்டையும் எடுத்துப் படித்து, அவரோடு சண்டை போட வேண்டும். ஒன்றை ஒளித்தாலும் சண்டைக்கு வழியில்லை. வாசலை அடைத்தாலும் இல்லை.

கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி.என். பணிக்கர் 1945-இல் 47 நூலகங்களைச் சேர்த்துக் கிரந்தசாலை (நூலக) சங்கம் கண்டார். வாசல் ஊர் ஊராகத் திறந்தது. வாசலுக்கு வந்தும் படிக்க முடியாதவர்களும் உண்டு; பார்வையற்றவர்களுக்கு நூலைப் பிரெயிலாகவும் ஒலியாகவும் மாற்றித்தர 2012-இன் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இடம் கொடுக்கிறது. சட்டம் இருந்தால் போதுமா? 1910-இலும் ஆணை இருந்ததே!

வாசலைக் காக்க வேண்டியது நீங்கள்தான். நாளை நீங்கள் வேலைக்குச் சேர்ந்ததும், கல்லூரி போகும் தன் மகள் என்ன புத்தகம் எடுக்கிறாள் என்று கேட்டு ஓர் அப்பா வருவார். உட்காரச் சொல்லுங்கள். அவருக்கும் ஓர் உறுப்பினர் படிவம் கொடுங்கள். பதிவேட்டை மட்டும் காட்டாதீர்கள்.